வாட்ச்மேன் மாசிலாமணி

ஜபல்பூர்
12-2-1989

அன்புள்ள கங்காதரா,

என் மச்சினன் வேலுசாமி ஆவடியிலிருந்து போட்ட இன்லண்ட் லெட்டரில், எல்லா ஊர்க் கதையும் எழுதி முடித்து, ஒட்டுகிற மடிப்பில் ஒரு வரி எழுதியிருந்தான். “கங்காதரன் அண்ணன் டிவியில் வருகிறார். வியாழக்கிழமை சிரிப்புத் தொடர், ‘ஏழாம் நம்பர் காம்பவுண்டு’. வாட்ச்மேன் வேஷம். ஆவடியே விழுந்து விழுந்து சிரிக்கிறது.” ஊரே சிரித்த பிறகு மடிப்பில் வந்த செய்தியாக எனக்குத் தெரிகிறது. ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை.

வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். இரண்டு காகிதம் கிழித்த பிறகுதான் இந்த வார்த்தை மனதார வந்தது.

பழசைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நாடகக் குழுவில் பன்னிரண்டு வருடம் நான்தான் கதாநாயகன். ராஜா, டாக்டர், இன்ஸ்பெக்டர், காதலன் எல்லாம் நான். நீ சேவகன், சமையல்காரன், கடைசி வரிசையில் ஈட்டி பிடிப்பவன். போன வருட ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்த தயாரிப்பாளர் சம்பத் சார் மேடையேறி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க முகம் கேமராவுக்குன்னே செஞ்ச முகம்” என்றார். அப்போது நீ பக்கத்தில் மாலைத் தட்டோடு நின்றாய். ஜூனில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான் ரயிலில் ஏறினேன், நீ டிவியில் ஏறிவிட்டாய்.

எப்படி நடந்தது? அவர் உன்னைத் தேடி வந்தாரா, நீ அவரைத் தேடிப் போனாயா? என்னை விசாரித்தாரா? எத்தனை நிமிஷம் வருகிறாய்? இங்கே டிவியில் மெட்ராஸ் தெரியாது, டெல்லிக்காரர்களின் இந்திதான். ஆகையால் ஒன்று விடாமல் எழுது.

கஸ்தூரி உன்னையும் சொர்ணத்தையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். செய்தி வந்ததிலிருந்து சிரித்த முகமாகவே இருக்கிறாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் என் நாடகம் எதற்கும் அவள் இவ்வளவு சிரித்ததில்லை.

லட்சுமணன்


அயனம்பாக்கம்
1-3-1989

லட்சுமணா,

எழுதாமல் இருந்தது தப்புதான். எழுதினால் உனக்கு எப்படி இருக்குமோ என்று யோசித்து யோசித்தே நாள் போய்விட்டது. உன் கடிதத்தைப் பார்த்தால் யோசித்ததில் தப்பில்லை என்றும் தெரிகிறது.

சம்பத் சார் குவார்ட்டர்ஸுக்குத் தேடி வந்தது உன்னைத்தான். நீ ஜபல்பூர் போய்விட்டாய் என்றேன். ‘சரி, வாட்ச்மேனுக்கு ஒரு கருப்பு ஆள் வேணும், நீ வர்றியா?’ என்றார். போனேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

காகிதத்தில் அந்த வேடத்துக்குப் பெயரே கிடையாது. ‘வாட்ச்மேன்’ என்று மட்டும் போட்டிருந்தது. ‘எட்டு வருஷமாக கேட்டில் நிற்கிறவனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே சார்’ என்றேன். ‘நீயே ஒண்ணு வெச்சுக்கோ’ என்றார். திருமுல்லைவாயல் சாமியை நினைத்து மாசிலாமணி என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு காட்சி. வீட்டுக்காரராக வருகிறவர் என்னைப் பார்த்து, ‘ஏண்டா, கரண்ட் போனா நீ எங்க நிக்கிறேன்னு எப்படிடா தெரியும்? சிரிடா!’ என்பார். நான் முப்பத்திரண்டு பல்லையும் காட்ட வேண்டும். ஒத்திகையில் இரண்டு தரம் காட்டினேன். மூன்றாம் தரம் கேமரா ஓடும்போது பல் வரவில்லை. வீட்டில் குழந்தை லோகா பார்ப்பாளே என்று ஒரு நினைப்பு. நாலாங்கிளாஸ் படிக்கிறாள், என் நிறம்தான் அவளுக்கும். கையில் டார்ச் இருந்தது. அதைப் போட்டு வெளிச்சத்தை அவர் மூஞ்சியில் அடித்து, ‘நா எங்க கீறேன்னு எனுக்குத் தெரியும் சார். நீங்க எங்க கீறீங்கன்னு பாக்கறதுக்குத்தான் என்னிய வெச்சிக்கிறாங்க’ என்றேன்.

லைட் தூக்குகிறவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சம்பத் சார் சிரிக்கவில்லை. ஆனாலும் அதை வெட்டாமல் விட்டுவிட்டார். அதுதான் ஊரெல்லாம் பேச்சு. குமணன்சாவடியில் ஷஃபியுல்லா பாய் டீக்கடைக்குள் நுழைந்தால், ‘இன்னா மாசிலா, டார்ச்சு எங்க?’ என்று சத்தம். மீன்காரி நாகம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: ‘இத்தினி நாளா நம்ம கலருல ஒருத்தன் டிவில வந்தா, ஒண்ணு திருட வருவான், இல்லாங்காட்டி அடி வாங்க வருவான். நீ ரெண்டும் இல்லாம வந்துகினு கீறே நைனா.’ அதைக் கேட்டபோது அழுகை வந்தது.

எனக்கு நாலரை நிமிஷம் வருகிறது. நீ கேட்டாயே.

கங்காதரன்


ஜபல்பூர்
9-4-1989

அன்புள்ள கங்காதரா,

நாலரை நிமிஷம் என்று சொன்னதற்கு நன்றி. வேலுசாமி ஆறு என்று எழுதியிருந்தான். அவனுக்கு எப்போதும் ஊதிச் சொல்கிற பழக்கம்.

நண்பனாக இரண்டு வார்த்தை. கேமராவுக்கு முன்னால் முகத்தில் வெளிச்சம் நிற்க வேண்டும். உன் முகத்தில் நிற்காது, அது உன் குற்றமில்லை. ஆகையால் முன்னால் வந்து நிற்காதே, கேட்டை ஒட்டியே நில். அப்புறம், எழுதிக்கொடுத்த வசனத்தை மாற்றாதே. நம் குழுவில் யாராவது என் வசனத்தின் நடுவே இப்படிச் சொந்தச் சரக்கைச் சேர்த்திருந்தால் நான் விட்டிருப்பேனா? ஒரு தரம் கைதட்டுவார்கள். இரண்டாம் தரம் திமிர் என்பார்கள்.

அவர் தேடி வந்தது என்னை என்று நீயே எழுதுகிறாய். ‘ஒரு தந்தி கொடுத்தால் லட்சுமணன் லீவு போட்டு ஓடி வருவான் சார்’ என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஏன் தோன்றவில்லை? பன்னிரண்டு வருடம் நான் உனக்கு வேடம் வாங்கித் தந்தேன். சேவகன் ஆனாலும் வேடம் வேடம்தானே. இலையில் உட்கார்ந்தவன் பக்கத்து இலையையும் பார்க்க வேண்டும்.

இங்கே தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்கு நாடகம் போட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேருக்குத் தமிழ் தெரியாது.

போன வாரம் கஸ்தூரி சமையல்கட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ‘ஒண்ணுமில்லீங்க, அந்த டார்ச்சு’ என்றாள். அவள் அதைப் பார்த்ததுகூட இல்லை கங்காதரா. உன் கடிதத்தில் படித்ததற்கே இப்படி.

லட்சுமணன்


அயனம்பாக்கம்
3-7-1989

லட்சுமணன் அவர்களுக்கு,

பதின்மூன்று வாரம் முடிந்து, இன்னொரு பதின்மூன்று வாரம் நீட்டிக்கிறார்கள். அதற்கு வசனம் கொடுத்தார்கள். மறுபடியும் அதே கதை. கரிமூட்டை, தார் டின், அமாவாசை. ‘இது மூன்றும் வேண்டாம் சார், மாசிலாமணிக்கு ஒரு வீடு, பெண்சாதி, ஒரு கோபதாபம் கொடுங்க, சிரிப்பை நான் கொண்டுவர்றேன்’ என்று கேட்டேன். சம்பத் சார் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்று தபால் கார்டுகளை எடுத்து என் முன்னால் போட்டார். ‘நான் சொல்லலைப்பா. ஜனங்க சொல்றாங்க, படி’ என்றார்.

ஒன்று அம்பத்தூர் கன்னியப்பன் எழுதியது. ‘குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் இப்படி முகம் எதற்கு? குழந்தை பயந்து அழுகிறது.’ இன்னொன்று திருவேற்காடு உத்தமன். ‘எங்கள் டிவி கெட்டுவிட்டது என்று ரிப்பேருக்கே கொண்டுபோனோம். பிறகுதான் தெரிந்தது, அது வாட்ச்மேன் முகம்.’ மூன்றாவது பூந்தமல்லி ராபியா பேகம். ‘வேடத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. நல்ல முகவெட்டு உள்ள, மேடை அனுபவம் உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம்.’

கார்டுகளைத் திருப்பினேன். மூன்றிலும் வட்டமாக ஜபல்பூர் முத்திரை.

அம்பத்தூரிலும் திருவேற்காட்டிலும் பூந்தமல்லியிலும் இருக்கிற மூன்று பேர், கார்டு எழுதுவதற்காக இரண்டு நாள் ரயில் ஏறி ஜபல்பூர் போயிருக்கிறார்கள். நம் டிவி தெரியாத ஊருக்கு.

சம்பத் சார் முத்திரையைப் பார்க்கவில்லை. நான் காட்டியிருக்கலாம். காட்டினால், இதை எழுதியது என் சிநேகிதன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்டவன் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாரம் ஆள் அனுப்பினார். இரண்டாம் பகுதிக்கு நான் வேண்டாமாம். சிவப்பாக ஒருத்தரைப் போட்டு மை பூசிவிட்டால் லைட்டுக்கும் வசதி, பேச்சுக்கும் வசதி என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

பூந்தமல்லியில் ஷஃபியுல்லா பாய் தங்கை பெயர் ராபியா. அந்தப் பெண் என்னைப் பார்த்தால் ‘அண்ணே’ என்று சொல்லி வாசலுக்கு வந்து நிற்கும். உனக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை?

கங்காதரன்


ஜபல்பூர்
16-7-1989

கங்காதரா,

முதலில் நான் இல்லை என்று நாலு பக்கம் எழுதினேன். மேஜைமேல் இருந்ததைக் கஸ்தூரி படித்துவிட்டு, ‘இதுல ஒரு பொய்யாவது நம்பற மாதிரி இருக்கா பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான்தான். மூன்றும் நான்தான். கையெழுத்தை மாற்றினேன், பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். தபால் பெட்டி எங்கள் தெருவில் ஒன்றுதான் இருக்கிறது.

பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. எனக்கு வருவதைவிட நல்ல வேடம் உனக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உனக்கு வந்தது பெயர்கூட இல்லாத வாட்ச்மேன். அதை வைத்துக்கொண்டு நீ ஊரைச் சிரிக்க வைத்தாய், மீன்காரியை நெஞ்சு நிறையப் பேச வைத்தாய். நான் பன்னிரண்டு வருடம் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றேன், எனக்காக ஒருத்தரும் கூடையை இறக்கி வைக்கவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. மூன்றாவது கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன். எவ்வளவு கேவலம் பார்.

வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் பின்னால் நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். கேட்டை ஒட்டி.

காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடு. பதில் போடு.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தக் கார்டுகளில் எதையாவது நேயர் கடித நிகழ்ச்சியில் வாசித்தார்களா?

லட்சுமணன்


அம்பத்தூர்
11-2-1990

கங்காதரா,

ஏழு மாதத்தில் ஐந்து கடிதம் போட்டேன், நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. டிசம்பரில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உன் தொழிற்சாலை வேறு, என்னுடையது வேறு. இரண்டு தடவை ஏரிக்கரை வழியாகச் சைக்கிள் மிதித்து உன் வீட்டுக்கு வந்தேன். ‘அவுரு ஊட்ல இல்லீங்க’ என்று சொர்ணம் சொன்னது. உன் செருப்பு வாசலில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டேன் என்பதை சொர்ணமும் பார்த்தது. மூன்று மைலுக்குத் தபால் தலை ஒட்டுகிறேன்.

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இந்நேரம் நீயே பார்த்திருப்பாய். தள்ளிப்போய்த் தை மாதம் தொடங்கிய இரண்டாம் பகுதியில் மாசிலாமணி நான்தான்.

சம்பத் சார் என்னைத் தேடி வந்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் வரவில்லை. நான்தான் போனேன். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் போனேன்.

அரை மணி நேரம் மை பூசுகிறார்கள். கழுத்து, காது, முழங்கை வரை. பூசி முடித்ததும் கண்ணாடியில் பார்த்தேன், சிரிப்பு வந்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் கஸ்தூரி தட்டு வைக்கவில்லை. ‘காதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் கங்காதரன் அண்ணன் ஒட்டிக்கிட்டிருக்காரு. அவரைக் கழுவிட்டு வாங்க’ என்றாள்.

கரிமூட்டை, தார் டின், அமாவாசை மூன்றும் வந்துவிட்டது. பல்லைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். நீ வேண்டாம் என்றதை நான் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வேடம் கிடைத்தால் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சம்பத் சார் சொல்கிறார்: ‘அந்த ஆளு நடப்பானே, அந்த மாதிரி நடங்க. அந்த ஆளு ஒரு செகண்ட் நிப்பாட்டிப் பேசுவானே, அப்படி.’ உன்னை வெளியே அனுப்பிய வாயால் சொல்கிறார். உன் இடத்துக்கு வந்தும் உன்னைப் பார்த்துத்தான் எரிகிறேன்.

ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

லட்சுமணன்


அயனம்பாக்கம்
4-3-1990

லட்சுமணா,

எழுதுவதாக இல்லை. வேடத்தை நீ எடுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை ஏழரை மணிக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வாரமும் பார்க்காமல் பொறுத்துக்கொண்டேன். இப்போது எழுத வேண்டிய கட்டாயம்.

போன வாரம் லோகாவின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு டீச்சரை நான் முன்னால் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ‘வாங்க சார். வாரா வாரம் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். டிவியில கொஞ்சம் குண்டாத் தெரியறீங்க, நேர்ல இளைச்சிருக்கீங்க’ என்றார். ‘நேத்துகூட வந்தீங்களே, அந்தத் தார் டின் சீன்’ என்று சொல்லிச் சிரித்தார். பின்னால் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லோகா என் கையைப் பிடித்திருந்தாள். திடீரென்று நகம் பதிகிற மாதிரி அழுத்தினாள். தலையைத் தூக்கவே இல்லை.

அப்போது புரிந்தது. என்னை எடுத்துவிட்டார்கள் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. ‘இப்பவும் எங்கப்பாதான் வர்றாரு’ என்று சொல்லியிருக்கிறாள். எல்லார் வீட்டிலும் கருப்பு வெள்ளை டிவி. அதே காக்கிச் சட்டை, அதே பெயர், என்னைப் போல நடை, கருப்பாக ஒரு முகம். அதற்குமேல் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? நம்மை யாராவது அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்களா?

‘ஆமாங்க டீச்சர்’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டேன். ஏரிக்கரை வந்ததும் அவளாகவே சொன்னாள். ‘முன்னெல்லாம் எல்லாரும் உன்னிய மாதிரி டார்ச்சு அடிச்சிக் காட்டுவாங்கப்பா. இப்ப என்னியப் பாத்து தார் டின்னுன்றாங்க. நீ ஏம்ப்பா அப்பிடி பண்றே?’ சொன்ன பிறகுதான் அவளுக்கே தோன்றியது, அது நான் இல்லை என்று. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உன் பொறாமையைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். என்னுடையதை இப்போது கேள். நீ என் வேடத்தைப் போட்டதில் எனக்கு அது வரவில்லை. உன் காதுக்குப் பின்னால் இருப்பது கழுவினால் போய்விடும் என்று படித்தபோதுகூடப் பெரிதாக வரவில்லை. என் பெண் வாரா வாரம் உன்னைப் பார்த்து மனதுக்குள் அப்பா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. உன் வீட்டு வாசலுக்கு வந்து உன்னை அடிக்கலாம் என்று கிளம்பி, அம்பத்தூர் ரயில்வே கேட்டு வரை வந்து திரும்பினேன். அடித்தால் நீ டிவியிலிருந்து போய்விடுவாய். அப்புறம் அவளுக்கு யாரும் இல்லை.

அதனால் சொல்கிறேன். வேடம் உன்னிடமே இருக்கட்டும். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் நான் சொல்லித் தருகிறேன், வாசலுக்கு வா, இந்தத் தடவை ‘ஊட்ல இல்லீங்க’ என்று சொர்ணம் சொல்லாது. தார் டின், கரிமூட்டை வந்தால் முடியாது என்று சம்பத் சாரிடம் சொல். வேலை போனாலும் போகட்டும் என்று சொல். நான் சொன்னேன், செத்துவிடவில்லை.

வியாழக்கிழமை ஏழரையிலிருந்து எட்டு மணி வரைக்கும் நீதான் என் மகளுக்கு அப்பா. அப்பா மாதிரி நடந்துகொள்.

கங்காதரன்